கருவறையின் நாள் கணக்கு

பத்து மாதம் சுமந்து பெற்றவள் என்று தாயைப் போற்றுவது தமிழர் வழக்கு. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டாலோ ஒன்பது மாதம் என்பார்கள். இவற்றுள் எது சரி என்று வினவினால், இரண்டும் சரியே என்றுதான் விடை கூற வேண்டியிருக்கும். நம் மூதாட்டியர் எண்ணியது நாள்காட்டியின் மாதத்தை அன்று. பெண்ணின் உடல் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை தானே குறித்துக்கொள்ளும் மாதத்தை எனக் கொள்ளலாம். அத்தகைய மாதங்கள் பத்து என்றால் 280 நாள். இன்றைய மருத்துவமனைகளில் பேறுகால அட்டையில் எழுதப்படும் நாளும் அதே 280 நாள் கணக்கில்தான் வருகின்றது. கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதம் பின்னோக்கிச் சென்று, அடுத்த ஆண்டில் அந்நாளைக் குறிப்பது ஒரு பழைய விதி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் பேறுகால மருத்துவராயிருந்த ஃபிரான்ஸ் கார்ல் நேகலே என்பவரின் பெயரால் அது வழங்குகின்றது.

கருவுற்ற பெண்ணை "முழுகாமல் இருக்கிறாள்" என்று கிராமங்களில் சொல்வதும் இக்கணக்கின் வேறொரு வடிவமே. விலக்கு முடிந்து தலை முழுகும் நாள் வரவில்லை என்பதே அச்சொல்லின் பொருள். வந்த நாளைக் கொண்டன்று, வராத நாளைக் கொண்டு எண்ணத் தொடங்கினார்கள். எவ்வளவு நுட்பமான சொல்! ஆனால் இதில் ஒரு விந்தையும் உண்டு. கடைசி விலக்கு நாளிலிருந்து எண்ணுகையில், முதல் இரண்டு வாரங்களில் குழந்தையே இல்லை. பெரும்பாலும் பதினான்காம் நாளை ஒட்டியே கரு உருவாகின்றது. ஆகவே மருத்துவர் "எட்டு வாரம்" என்று எழுதும்போது, கருவறையில் இருக்கும் உயிரின் உண்மையான வயது ஏறத்தாழ ஆறு வாரம்தான். தாயின் உடலில் தொடங்கிய கணக்கைக் குழந்தையின் வயதென்று நாம் படிக்கின்றோம்.

திருச்சபையின் நாள்காட்டியோ வேறு விதமாய் எண்ணுகின்றது. மார்ச் 25-இல் ஆண்டவரின் பிறப்பு அறிவிப்புப் பெருவிழா. டிசம்பர் 25-இல் கிறிஸ்து பிறப்பு. டிசம்பர் 8-இல் அன்னையின் அமல உற்பவம். செப்டம்பர் 8-இல் அவரது பிறப்பு விழா. கருவான நாளிலிருந்தே திருவழிபாடு எண்ணுகின்றது. மார்ச் 25 முதல் டிசம்பர் 25 வரை 275 நாள். மருத்துவர்களோ கருவானது முதல் பிறப்பு வரை சராசரி 266 நாள் என்பார்கள். இடையே உள்ள ஒன்பது நாளை நவநாள் என்று வைத்துக்கொள்வோமே!

இந்த நாள் கணக்கு நம் காலத்தில் வெறும் கணக்காக மட்டும் நின்றுவிடவில்லை. ஓர் உயிரைச் சட்டம் காக்குமா காவாதா என்பதையும், இழந்த ஒரு குழந்தைக்காக ஒரு தாய் அழலாமா கூடாதா என்பதையும்கூட அதுவே தீர்மானிப்பதாகப் பலர் எண்ணத் தலைப்பட்டுள்ளனர். ஆகவே அந்த எண் எவ்வாறு பிறக்கின்றது, அது எதைச் சொல்லவல்லது, எதைச் சொல்ல வல்லதன்று என்பதை இறைமக்கள் அறிந்திருத்தல் நலம்.

விலக்கு நாளைக் கொண்டு எண்ணும் முறையில் குறைகள் பல. நாளை மறந்துவிடும் பெண்கள் பலர். நினைவிருந்தாலும் எல்லார்க்கும் இருபத்தெட்டு நாள் சுழற்சி அமைவதில்லை. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் விலக்கே வராமல் அடுத்த கரு தங்குவதும் உண்டு. எனவேதான் ஸ்கேன் எனப்படும் மீயொலிக் கருவி இக்கணக்கில் நுழைந்தது.

அக்கருவியின் கதை தேவாலயத்தில் சொல்லத் தக்கது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பேறுகால மருத்துவப் பேராசிரியராயிருந்த இயன் டொனால்ட், 1955-ஆம் ஆண்டு, அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குச் சென்றார். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைக் கண்டறிய அங்கே ஒலியலைக் கருவி ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். இரும்பின் உள்ளே பார்க்கும் ஒலி, உடலின் உள்ளேயும் பார்க்குமா என்பதே அவரது வினா. பார்த்தது. டாம் பிரவுன் என்னும் பொறியாளரும் ஜான் மெக்விகார் என்னும் மருத்துவரும் அவரோடு உழைத்தார்கள். மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1958-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. டொனால்ட் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். பிரிட்டனில் 1967-இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தபோது அதை வெளிப்படையாக எதிர்த்தவர். அவர் தந்த கருவியே பின்னாளில் அத்தகைய சட்டங்களின் அளவுகோலாயிற்று என்பதை என்னவென்று சொல்வது!

கருவின் வயதை அளக்கும் முறையை வகுத்தவர் அதே கிளாஸ்கோவில் பணியாற்றிய ஹியூ ராபின்சன். 1973-இல் அவர் வெளியிட்ட முறையும், 1975-இல் மேலும் செம்மை செய்த சூத்திரமும் இன்றுவரை உலகெங்கும் வழக்கில் உள்ளன. முறை மிக எளிது. கருவில் இருக்கும் குழந்தை கால்களை மடக்கி வளைந்திருப்பதால் உச்சி முதல் உள்ளங்கால் வரை அளக்க இயலாது. ஆகவே உச்சந்தலை முதல் பிட்டம் வரை ஒரு நேர்கோடாக அளக்கின்றார்கள். ஸ்கேன் அறிக்கையில் 'சி.ஆர்.எல்.' என்று காணும் எண் அதுவே. 10 மில்லிமீட்டர் என்றால் ஏழு வாரம். 23 மில்லிமீட்டர் என்றால் ஒன்பது வாரம். 54 மில்லிமீட்டர் என்றால் பன்னிரண்டு வாரம். சுண்டுவிரல் நகத்தின் நீளமே உள்ள ஓர் உயிரை அளந்து, அதன் நாளைச் சொல்லிவிடுகின்றார்கள்.

எத்தனை துல்லியமாக? ஒரேயொரு முறை அளந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு முன்பின்னாக ஐந்து நாளுக்குள் கணக்கு சரியாயிருக்கும் என்று ராபின்சன் கண்டார். இன்றைய மருத்துவ நெறிகள் முதல் மூன்று மாதங்களுக்கு ஐந்து முதல் ஏழு நாள் வரை பிழை இருக்கலாம் என்று கொள்கின்றன. கணக்குப் பார்க்கும் வழிகளுள் இதனினும் சிறந்தது இல்லை என்றே கூறலாம். செயற்கை முறையில் கருத்தரித்த நாள் துல்லியமாய்த் தெரிந்தவர்களை மட்டும் விலக்கிவைக்க வேண்டும்.

இந்த அளவு ஏன் இவ்வளவு நம்பத்தக்கதாயிருக்கின்றது என்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் வியப்படைகின்றது. பிறந்த குழந்தைகளைப் பாருங்கள். ஒன்று நான்கு கிலோ. ஒன்று இரண்டு கிலோ. ஒன்று நெடிது, ஒன்று குறிது. தாய் உண்ட சோறும், செய்த வேலையும், பட்ட நோயும், பெற்றோரின் உடல்வாகும் பிள்ளையின் மேனியில் எழுதப்பட்டிருக்கும். முதல் பன்னிரண்டு வாரங்களிலோ இவ்வேறுபாடுகள் ஏறத்தாழ இல்லை. எல்லாக் குழந்தைகளும் அநேகமாக ஒரே வேகத்தில் வளர்கின்றன. பிரேசிலில் பெலோட்டாஸ், இத்தாலியில் டூரின், கென்யாவில் நைரோபி, நம் நாட்டில் நாக்பூர் என எட்டு நாடுகளில், உடல்நலமும் நல்ல உணவும் உள்ள தாய்மாரைத் தேர்ந்து நடத்தப்பெற்ற ஓர் ஆய்வின் பயனாக 2014-இல் உலகுக்கெல்லாம் பொதுவான ஒரே அளவுகோலை வெளியிட்டார்கள். நைரோபிக்கு ஒன்று, டூரினுக்கு ஒன்று எனத் தனித்தனியே வகுக்கவேண்டிய தேவை அவர்களுக்கு நேரவில்லை. சாதி, நிறம், செல்வம் ஆகியவை உலகில் வந்து சேருமுன், மனிதகுலம் முழுவதும் ஒரே முழக்கோலால் அளக்கப்படும் காலம் ஒன்று உண்டு. அது நாம் ஒவ்வொருவரும் கடந்துவந்த காலம். ஏற்றத்தாழ்வு பிறகுதான் தொடங்குகின்றது; அதில் பாதியும் நம் கைவேலை. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்குச் சுவர் எழுப்பிய நம் மண்ணில் இதை மறையுரையில் சொன்னால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

பதினான்கு வாரத்தை ஒட்டி, நீளம் 84 மில்லிமீட்டரைத் தாண்டியபின், இந்த அளவு பயன்படாது. குழந்தை நிமிர்ந்தும் வளைந்தும் புரள்வதால் நேர்கோடு பொய்த்துவிடும். அதன்பின் தலையின் சுற்றளவையும் தொடை எலும்பின் நீளத்தையும் அளக்கின்றார்கள். ஆனால் நாள் செல்லச் செல்லக் குழந்தைகள் தத்தம் வழியில் வளர்வதால் பிழையும் பெருகுகின்றது. இருபத்திரண்டு வாரத்திற்குமேல் முதன்முதலாக ஸ்கேன் எடுத்தால் இரண்டு வாரம் வரையும், இருபத்தெட்டு வாரத்திற்குமேல் மூன்று வாரம் வரையும் முன்பின்னாக இருக்கக்கூடும். இப்பிற்பகுதிக்கு இந்தியக் குழந்தைகளின் அளவுகளைக் கொண்டே ஒரு புதிய கணிப்பு முறையைச் சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரிதாபாதிலுள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றும் இணைந்து உருவாக்கியிருப்பதாக 2024-இல் அறிவித்தன. வரவேற்கத்தக்க முயற்சி.

இவ்வெண்ணால் விளையும் நன்மை பெரிது. குறைமாதத்தில் வலி கண்ட பெண்ணுக்கு, பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியைப் போடலாமா என்று முடிவு செய்ய வாரம் தெரிய வேண்டும். நாள் கடந்தும் பிள்ளை பிறக்கவில்லை என்று அஞ்சித் தேவையின்றி வலி வரவழைப்பது, தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்தவர்களிடம் குறைந்திருக்கின்றது. பன்னிரண்டு வாரத்திற்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று நம் சுகாதாரத் துறையினர் வீடுதோறும் வற்புறுத்துவதற்கும் இது ஒரு காரணம். இளம் மனைவியர் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கண்ணேறு படும், மூன்று மாதம் கழியட்டும் என்று மூடிவைக்கும் மாமியார்மாரிடம் இதனைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகின்றேன்.

இனி, அந்த எண் சட்டத்தின் கையில் என்னவாகின்றது என்று பார்ப்போம்.

இந்தியாவில் 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இருபது வாரத்தை எல்லையாக வைத்தது. 2021-இல் செய்யப்பட்ட திருத்தம், குறிப்பிட்ட சில வகைப் பெண்களுக்கு அவ்வெல்லையை இருபத்து நான்கு வாரமாக நீட்டியது. குழந்தைக்குப் பெரிய குறைபாடு உண்டென்று மருத்துவக் குழு கண்டால் வார எல்லையே இல்லை என்றும் அத்திருத்தம் கூறுகின்றது. ஐம்பது ஆண்டுகளில் நான்கு வாரம் நகர்ந்தது ஒரு கோடு. கருவறையில் இருக்கும் குழந்தையிடம் அந்த ஐம்பது ஆண்டுகளில் எந்த மாற்றமும் நேரவில்லை. அன்றும் இன்றும் அது அதே நாளில் அதே நீளம் வளர்கின்றது. மாறியது நம் வசதி. அதிலும், ஊனமுற்ற குழந்தைக்கு அக்கோட்டின் பாதுகாப்புகூட இல்லை என்பது என் நெஞ்சை உறுத்துகின்றது. மற்றக் குழந்தைகள் ஓர் எண்ணைத் தாண்டினால் தப்பலாம். அதற்கு எந்த எண்ணும் இல்லை.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கை வாசகர்கள் நினைவுகூரலாம். இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர், பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனநோய்க்கு ஆளாகி மருந்து உட்கொண்டு வந்தவர், மூன்றாம் கருவைக் கலைக்க அனுமதி வேண்டினார். இளைய குழந்தைக்குப் பால் கொடுத்து வந்ததால் விலக்கு வரவில்லை. எனவே கரு தங்கியதே தெரியவில்லை என்பது அவர் கூற்று. முதலில் இரு நீதிபதிகள் அனுமதி அளித்தனர். குழந்தை உயிரோடு பிறக்கும் வாய்ப்பு உண்டென மருத்துவர் ஒருவர் தெரிவித்ததும் அவ்விருவருக்கும் இடையே கருத்து வேறுபட்டது. அக்டோபர் 16 அன்று மூன்று நீதிபதிகள் அமர்ந்து, கரு இருபத்தாறு வாரம் ஐந்து நாள் ஆகிவிட்டது, சட்டத்தின் எல்லை கடந்தது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, குழந்தைக்கும் குறைபாடில்லை என்று கூறி அனுமதி மறுத்தனர். பேற்றுச் செலவை அரசு ஏற்கவும், குழந்தையைத் தத்துக் கொடுப்பதா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யவும் வழி செய்தனர்.

அக்குழந்தை காக்கப்பட்டதில் மகிழாத கத்தோலிக்கர் இருக்க முடியாது. ஆயினும் தீர்ப்பின் காரணங்களுள் முதலாவதாக நின்றது வார எண்ணிக்கையே என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று வாரம் முன்னதாகத் தெரிந்திருந்தால் விடை வேறாகியிருக்கக்கூடும். அதே குழந்தை, அதே தாய், அதே துன்பம். பிந்தி எடுக்கும் ஸ்கேனில் இரண்டு வாரம் முன்பின் ஆகலாம் என்று மருத்துவமே ஒப்புக்கொள்கையில், இருபத்து நான்கு என்னும் கோடு எங்கே விழுகின்றது? இருபத்திரண்டிலிருந்து இருபத்தாறு வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். மருத்துவர் அதனை மதிப்பீடு என்று அடக்கத்தோடு எழுதுகின்றார். சட்டம் அதையே எல்லைக்கல்லாக நடுகின்றது. குற்றம் அளவுகோலின்மேல் இல்லை.

அந்தத் தாயைப் பற்றியும் ஒரு சொல். அவர்மேல் கல்லெறிய நமக்கு உரிமை இல்லை. இரண்டாவது பேற்றுக்குப் பின் மனம் கலங்கிக் கிடந்த பெண்ணுக்கு உற்றார் யார் துணை நின்றார்கள், அண்டை வீட்டார் யார் ஒரு வேளை சோறு கொண்டுபோனார்கள் என்பது எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படுவதில்லை. நம் பங்குகளில் மரியாயின் சேனையும் வின்சென்ட் தே பவுல் சபையும் நோயாளிகளைச் சந்திக்கச் செல்கின்றன. பிள்ளை பெற்ற பெண்ணின் மனநோயை நோயென்று எத்தனை பேர் அறிவோம்?

ஆண்டவன் பெயரால் பேசும் நாமும் நாள் கணக்குப் பார்த்தவர்கள்தாம். இதனை மறைப்பது முறையன்று. ஆண் கரு நாற்பதாம் நாளில் உருப்பெறுகின்றது, பெண் கரு தொண்ணூறாம் நாளில் என்று கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். புனித தோமா அக்குவினாரும் அதைத் தழுவியே ஆன்மா பொழியப்படும் காலத்தைப் பேசினார். (பெண்ணுக்கு ஐம்பது நாள் தாமதம் ஏனென்று அக்காலத்துப் பெண்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, கேட்டிருந்தால் யார் எழுதிவைத்திருப்பார்கள்?) விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில், சண்டையில் கருச்சிதைவு நேர்வதைப் பற்றிய பகுதியைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், மூல எபிரேயத்தில் இல்லாத ஒரு வேறுபாட்டை, அதாவது உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு என்பதைப் புகுத்தினர். இதன் விளைவாகத் திருச்சபைச் சட்டத்தில் தண்டனைகள் மாறி மாறி வந்தன. 1588-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் எந்நிலையிலும் ஒரே தண்டனை என்றார். மூன்றே ஆண்டில், 1591-இல், பதினான்காம் கிரகோரியார் பழைய வேறுபாட்டைத் திரும்பக் கொணர்ந்தார். 1869-இல் ஒன்பதாம் பத்திநாதர் அவ்வேறுபாட்டை முற்றிலும் நீக்கினார்.

எனினும் ஒன்றைத் தெளிவாக உணரவேண்டும். மாறியது தண்டனையின் அளவு. கருவை அழிப்பது எந்த நாளிலும் பெருங்குற்றம் என்பதில் தொடக்கத் திருச்சபை முதல் ஐயமே இருந்ததில்லை. நான்காம் நூற்றாண்டிலேயே புனித பசிலியார், உருப்பெற்றதா இல்லையா என்ற நுண்ணாராய்ச்சியில் தாம் இறங்குவதில்லை என்று ஒரு மடலில் எழுதிவிட்டார். மேலும், இன்றைய போதனை ஆன்மா பொழியப்படும் நாளைக் கண்டுபிடித்துவிட்டதாக உரிமை கொண்டாடவில்லை. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் 1974-ஆம் ஆண்டு அறிக்கை அவ்வினாவை வேண்டுமென்றே திறந்தே விட்டுவிடுகின்றது. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட 'எவாஞ்சேலியும் வித்தே' என்னும் 'வாழ்வின் நற்செய்தி' திருமடலும், அங்கே ஒரு மனித ஆள் இருக்கலாம் என்ற வாய்ப்பு ஒன்றே அதனைக் கொல்லாதிருக்கப் போதுமான காரணம் என்றுதான் வாதிடுகின்றது.

அறநெறி இறையியல் வகுப்பில் இதற்கு ஓர் உவமை சொல்வார்கள். வேட்டைக்காரன் ஒருவன் புதரில் ஏதோ அசைவதைக் காண்கின்றான். மானா, மனிதனா என்று தெரியவில்லை. தெரியாத நிலையில் அவன் அம்பு எய்யலாமா? மானாகவே இருந்துவிட்டாலும், தெரியாமல் எய்தவன் மனிதனைக் கொல்ல இசைந்தவனே என்பது பழைய ஆசிரியர்களின் முடிவு. மாணவர்களாயிருந்த நாங்கள் இதனைக் காட்டுவாசிகளின் கதை என்று சிரித்ததுண்டு. ஆனால் அண்மைக் காலத்தில் மருத்துவ உலகிலேயே இவ்வுவமை நிகழ்ந்திருக்கின்றது. அதுவும் நாம் பேசிவந்த அதே மில்லிமீட்டர்களில்!

கரு தங்கிய தொடக்கத்தில் சில பெண்களுக்கு இரத்தக் கசிவு ஏற்படும். ஸ்கேனில் கரு தெரியும். இதயத் துடிப்பு தெரியாது. குழந்தை இறந்துவிட்டதா, அன்றித் துடிப்பு புலப்படும் நாள் இன்னும் வரவில்லையா? முன்பு 5 அல்லது 6 மில்லிமீட்டர் நீளமிருந்தும் துடிப்பு இல்லையெனில் இறந்ததாக முடிவு கட்டிக் கருப்பையைத் துப்புரவு செய்துவிடுவது வழக்கம். 2011-இல் வெளிவந்த ஆய்வுகள், அந்த அளவை நம்பினால் உயிருள்ள சில குழந்தைகளும் இறந்தவையாக எண்ணப்பட்டுவிடும் என்று காட்டின. இருவர் அளந்தால் அளவில் வேறுபாடு வருகின்றது. நாள் கணக்கும் சில நாள் பிந்தியிருக்கலாம். பிரிட்டனில் உடனே வரம்பை 7 மில்லிமீட்டராக உயர்த்தினார்கள். 2013-இல் அமெரிக்க நிபுணர்களும் அதனையே ஏற்றனர். ஏழுக்குக் குறைவாயிருந்தால் எந்த முடிவும் கூறலாகாது. குறைந்தது ஏழு நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பது பிரிட்டனின் நெறி. ஏழும் அதற்கு மேலும் இருந்தால்கூட மற்றொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும்.

ஓரிரு மில்லிமீட்டர்தான். ஒரு நெல்மணியின் குறுக்களவு. ஆனால் அந்த இடைவெளியில் மருத்துவ உலகம், எந்தத் திருமடலையும் படிக்காமலே, புதரின் முன் வில்லைத் தாழ்த்தி நின்றது. ஐயம் இருக்கும்வரை உயிரின் பக்கம் நிற்பது என்பது சமயவாதிகளின் பிடிவாதம் அன்று. அளவைகளின் எல்லையை நேர்மையாய் அறிந்தவர்கள் தாமாகவே வந்தடையும் இடமும் அதுவே. அந்த ஏழு நாள் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நீண்டது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஆலயங்களில் நடுப்பகல் வேளையில் நற்கருணைப் பேழையின் முன் தனியே அமர்ந்திருக்கும் பெண்களுள் சிலர் அந்த ஏழு நாளைக் கடந்துகொண்டிருப்பவர்களாக இருக்கலாம். அவர்களைக் கேள்வி கேட்டுத் தொல்லைப்படுத்தாதிருப்பது நலம்.

மாதங்களை எண்ணும் வழக்கம் நற்செய்தியிலும் உண்டு. லூக்காவின் முதல் அதிகாரத்தில் எலிசபெத்து ஐந்து மாதம் பிறர் கண்ணில் படாமல் இருந்ததும், வானதூதர் மரியாவிடம் வந்தது அவருக்கு ஆறாம் மாதத்தில் என்பதும், மரியா ஏறக்குறைய மூன்று மாதம் அவரோடு தங்கியதும் குறிக்கப்பட்டுள்ளன. மருத்துவர் என்று மரபு கூறும் லூக்காவுக்கு எண்ணிக்கையில் அக்கறை இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அவ்விரு தாயரும் சந்தித்த வேளையைக் கவனியுங்கள். ஒரு வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. மற்றதில், மரியா விரைந்து சென்றார் என்று லூக்கா எழுதுவதால், சில நாளே ஆன கரு. இன்றைய எந்தக் கருவியாலும் அன்று அதனை அளந்திருக்க முடியாது. ஆறு மாதத்தவர் துள்ளியது அந்தச் சில நாள் சிறுவரின் முன்னிலையில்தான். எலிசபெத்து அவரது வயதைக் கேட்கவில்லை.

இதன் மறுபக்கத்தைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. கருவின் மாண்பைப் பற்றி மேடையில் உரத்துப் பேசும் நாம், கரு சிதைந்த வீட்டுக்குச் சென்றால் எவ்வாறு பேசுகின்றோம்? "எட்டு வாரம்தானே, அடுத்தது நல்லபடியாய்ப் பிறக்கும்" என்று ஆறுதல் கூறுகின்றோம். எண் இங்கேயும் குழந்தையின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றது; இம்முறை கொண்டுவந்து வைத்தவர்கள் நாம். பிறர் இருபத்து நான்கில் கோடு போட்டால் கண்டிக்கின்றோம். துக்கத்திற்கு நாமே ஒரு கோடு போட்டு வைத்திருக்கின்றோம்.

இத்தகைய இழப்பில் அந்தச் சிறிய அளவு சொல்லும் செய்தி கொடிது. விலக்கு நாளின்படி பதினொரு வாரம் ஆகியிருக்க வேண்டும். ஸ்கேனில் 18 மில்லிமீட்டர் நீளம், துடிப்பு இல்லை. 18 என்றால் எட்டு வாரமும் இரண்டு மூன்று நாளும். அதாவது குழந்தை வளராமல் நின்று இரண்டு வாரத்திற்கு மேலாகின்றது. தாய்க்கு அது தெரியவில்லை. வாந்தி இருந்தது, உடல் இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. வயதைச் சொல்வதற்கென்று வகுத்த அளவு அங்கே வாழ்நாளைச் சொல்லிவிடுகின்றது. அந்தப் பெண்கள் பங்குத் தந்தையிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒன்றுதான்: அது எங்கே இருக்கிறது, சாமி?

ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளைப் பற்றி அனைத்துலக இறையியல் ஆணையம் 2007-இல் வெளியிட்ட ஆவணம், அவர்கள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்பிக்கை கொள்ளத் தகுந்த காரணங்கள் உண்டெனக் கூறுகின்றது. அறிவு உறுதியாக அல்ல, நம்பிக்கையாக. பாதாளத்தின் விளிம்பு என்று முன்னோர் பேசிய லிம்போ, கோட்பாடாக ஒருபோதும் வரையறுக்கப்பட்டதில்லை என்பதையும் அது நினைவூட்டுகின்றது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 871-ஆம் பிரிவு, சிதைந்து வெளிவந்த கரு உயிரோடிருந்தால் இயன்றவரை ஞானஸ்நானம் அளிக்கவேண்டும் என்கின்றது. வாரம் எத்தனை என்று அப்பிரிவு கேட்பதில்லை. 1183-ஆம் பிரிவு, ஞானஸ்நானம் அளிக்கப் பெற்றோர் எண்ணியிருந்து அதற்குமுன் இறந்துவிட்ட குழந்தைக்குத் திருச்சபை முறையில் அடக்கச் சடங்கு நடத்த ஆயர் அனுமதிக்கலாம் என்கின்றது. இதைக் கேட்டு வருகின்ற பெற்றோர் நம்மிடையே மிகச் சிலரே. கேட்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. மருத்துவமனையில் எதையும் கேட்டு வாங்கும் நிலையில் அவர்கள் இருப்பதும் இல்லை. வீடு திரும்பும்போது கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஸ்கேன் அறிக்கையும், அதனோடு ஒட்டிய வழுவழுப்பான அந்தக் கறுப்பு வெள்ளைத் தாளும்தான். இரண்டு சிறு குறுக்குக் குறிகளுக்கிடையே புள்ளிக்கோடு ஒன்று. கீழே எட்டு வாரம் இரண்டு நாள் என்று அச்சிட்டிருக்கும். பல பெண்கள் அதைத் திருமணப் புடவைக்கு அடியில் மடித்து வைத்திருக்கின்றார்கள். அந்தத் தாளில் நாளடைவில் மை மங்கிவிடும் என்பதால், ஒரு சிலர் பின்பக்கத்தில் பேனாவால் தேதியை எழுதி, தாங்கள் வைக்க எண்ணியிருந்த பெயரையும் எழுதியிருக்கின்றார்கள்.